நேற்றைய தண்ணீர்

அன்பு மகள் சோஃபியாவுக்கு,

மயிலாப்பூரிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் பெரியம்மா லூயிசாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால்கள் மட்டும் ராஜினாமா கொடுத்துவிட்டன. ஹாலிஃபாக்ஸ் பனியில் நீ உறைந்து சிலையாகிவிடாதிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

நம் அடுக்குமாடியின் எட்டு வீட்டுச் சாம்ராஜ்யத்துச் செயலாளர் பதவி என்னை எண்ணூறு வயதுக் கிழவனாக்கிவிட்டது, அலுத்துப்போச்சு. போன கோடையில் கீழ்வீட்டு அபயாம்பாள் மாமி வந்து, "பவுல், நான் ஒண்டிக்கட்டை, நாலு பக்கெட்தான் செலவு. ஆறு பேர் இருக்கற ஆத்துக்குச் சமமா லாரித் தண்ணிக்குக் கொடுத்துண்டிருந்தா எனக்குக் கட்டுப்படியாகாது, வீட்டை வித்துட்டுப் போயிடறேன்" என்றார். உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ரசம் கொடுத்தனுப்பிய மாமி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எவ்வளவு கொட்டினாலும் ஒரே பங்கு என்றால் யார்தான் குழாயை இறுக்கி மூடுவார்கள்? வீட்டுக்கு வீடு மீட்டர், கொஞ்சமாகச் செலவழித்தால் குறைந்த விலை, அளவு தாண்டினால் இரட்டிப்பு என்று கூட்டத்தில் பிரகடனம் செய்தேன். மூன்றாம் மாடி பரத்வாஜ், "அங்கிள், ஆட்டோக்காரர் மாதிரி மீட்டருக்கு மேல இருபது ரூபா கேப்பீங்களா?" என்று சிரித்தான். மாடி மாடியாக ஏறி ஏழு யுத்தம் நடத்தி மீட்டர் மாட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து முதல் மாத அளவை எல்லார் முன்னாலும் வாசித்தேன். மாமி வீடு கடைசி. ஆறு பேர் இருக்கும் பரத்வாஜ் வீடுதான் முதல் என்று என் மீசையைப் பந்தயம் கட்டியிருந்தேன். முதலில் இருந்தது நம் வீடு. இரண்டே கிழங்கள், ஆறு பேரைத் தோற்கடித்துவிட்டோம். பரத்வாஜ் கை தட்டினான், லூயிசா என்னையே பார்த்தாள். அந்தப் பெரிய வறட்சியிலிருந்து குளியலறையில் இரண்டு டிரம் நிரப்பி வைக்கிறேனே, மறுநாள் காலையில் பழைய தண்ணீர் என்று சாய்த்துவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறேனே, அதுதான். மாமியை விரட்டப் பார்த்தது யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. சாயங்காலம் மாமி வந்து, "மூடி வெச்சா நாலு நாள் கெடாது, பவுல்" என்று ஒரு பழைய தாம்பாளத்தைக் கொடுத்தார். வீட்டை விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க உனக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான், அதை மட்டும் மறந்துவிடு. வரும்போது மாமிக்கு நல்ல கம்பளிப் போர்வை வாங்கி வா. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும். இன்று காலை நேற்றைய தண்ணீரில்தான் குளித்தேன். உடம்பு நனையத்தான் செய்தது.

உன் பெரியப்பா,
பவுல்சாமி