ஞாயிற்றுக்கிழமை நிறுத்தம்

புக்கிட் பாத்தோக்,
சிங்கப்பூர், 4 மே 2025

அன்புள்ள பானு,

போனில் கூப்பிட்டால் "பேரன் அழுறான், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மகளுக்குப் பத்தியம் பார்க்கிறேன் என்று நீ பட்டினி கிடக்காதே.

நீ இல்லாமல் நம் நூலக வேன் ஓடுகிறது, அவ்வளவுதான். கிளமெண்டி நிறுத்தத்தில் சந்திரமதி அம்மா புத்தகத்தோடு ஒரு டப்பா புளிச்சோறும் நீட்டினார். "பானுவுக்குன்னு செஞ்சேன், பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன், கொஞ்சம் பொறாமையோடு.

வேனை நடத்தும் நம் சங்கம் புது வேன் வாங்குகிறது. அதற்கு ஒரு பொறுப்பாளரையும் நியமிப்பார்களாம். முந்நூறு புத்தகம் எங்கே போயிற்று என்று செயலாளர் பரமசிவம் துருவிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் உமா

பெர்த்,
ஆஸ்திரேலியா, 11 மே 2025

என் உமாவுக்கு,

பேரன் தூங்குகிறான். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பரமசிவத்திடம் மறைக்க என்ன இருக்கிறது? லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் வேன் நிற்கும்போது நம்மிடம் புத்தகம் வாங்கும் வெளிநாட்டு ஊழியர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் வேறு விடுதியில் இருப்பார்கள், இல்லை ஊருக்கே போயிருப்பார்கள். "பேரும் வேலை பர்மிட் நம்பரும் கேட்டா யாரும் கிட்டவே வரமாட்டாங்க, பானு. சும்மா குடுப்போம்" என்று முதல் வாரமே சொன்னவள் நீதான். நான்தான் பயந்தேன். இருவரும் சேர்ந்து செய்தோம் என்று சொல்லிவிடு.

ஞாயிறு நிறுத்தத்தை மட்டும் விட்டுவிடாதே.

பானு

புக்கிட் பாத்தோக்,
8 ஜூன் 2025

அன்புள்ள பானு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. புது வேன் வந்துவிட்டது, குளிர்சாதனம்கூட உண்டு. என்னையே பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை. ஞாயிறு நிறுத்தத்துக்கு வேன் தற்காலிகமாகப் போவதில்லை. எல்லாம் நேரில் சொல்கிறேன்.

அவசரப்பட்டு வராதே. பேரனோடு இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வா.

உமா

புக்கிட் பாத்தோக்,
24 ஜூன் 2025

உமா,

நம் அடுக்குமாடி புளோக்கில், உன் வீட்டுக்கு ஐந்து மாடி கீழே என் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சனிக்கிழமையே வந்துவிட்டேன். ஞாயிறன்று சொல்லாமல் உன் வாசலில் வந்து நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குமுன் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனேன். நம் வேன் நிற்கும் இடத்தில் இர்ஃபான் நின்றிருந்தான். துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர், துப்பறியும் கதையாகக் கேட்பானே, அவன். "அக்கா, புக்கெல்லாம் நீங்க தொலைச்சிட்டீங்கன்னு வண்டிய நிறுத்திட்டாங்களாமே? எங்களாலதான?" என்று கேட்டான். தலை குனிந்திருந்தது அவன்தான்.

திங்களன்று பரமசிவம் கூட்டக் குறிப்பைக் காட்டினார். "பதிவில்லாமல் கொடுத்தது சாயிரா பானுவின் தனி முடிவு, எனக்குத் தெரியாது" என்று நீ சொன்னதாக இருந்தது. கீழே உன் கையெழுத்து. நான் அதை இரண்டு முறை படித்தேன். இருபத்தேழு வருடமாகத் தெரிந்த கையெழுத்து.

"ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். கொடுத்தது உண்மை, இன்னும் கொடுப்பேன் என்றேன். உன் பெயரை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததாக முடிந்திருக்கும். இர்ஃபான் போன்றவர்களுக்கு ஞாயிறு நிறுத்தம் திரும்பக் கிடைத்திருக்காது. அதைத்தான் கேட்டேன். மாதம் ஒருமுறை பழைய வேனை என்னிடமே தரச் சம்மதித்திருக்கிறார்.

பொறுப்பாளர் பதவி உனக்கு வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே உன் பெயரை முன்மொழிந்திருப்பேன்.

விளக்கம் சொல்ல மேலேயிருந்து இறங்கி வராதே. அவசரத்துக்கென்று நீ என்னிடம் கொடுத்திருந்த உன் வீட்டுச் சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்கும் என் வீட்டுச் சாவியை நீ திருப்பித் தர வேண்டாம். காலையில் ஆளை வரவழைத்துப் பூட்டை மாற்றிவிட்டேன்.

சாயிரா பானு