வள்ளத்தில் எத்தனை பேர்

நாவுல,
09.03.2026

அன்புள்ள மகள் வாகினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் கதைக்கும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பா, சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பா. இந்த விஷயத்தை அப்படிக் கதைக்க முடியாது. அதனால் பேனை எடுத்தேன்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. தம்புள்ளைச் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கிறது, வாங்க ஆளில்லாமல் லொறியோடு திருப்பி அனுப்புகிறார்களாம். போன கிழமை மாத்தளை அம்மன் தேருக்குப் போனோம். உங்கள் மூன்று பேருக்கும் அர்ச்சனை செய்தோம். அம்மா வழக்கம்போல அண்ணா சுஜிதனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. ஐயரும் வழக்கம்போல ஒன்றும் கேட்காமல் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போவதென்ன நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போவது உனக்குத் தெரியும். கொஞ்சக் காலமாக அம்மாவும் கூட வருகிறா. தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற மனுசி, தானாகவே வருகிறேன் என்றபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. பாயை விரித்துப் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணீரும் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருப்பா. மீன் பிடிபட்டதா இல்லையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் துணைக்கு வருகிறா என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று ஒரு மீன்கூடத் தூண்டிலைத் தொடவில்லை. காற்றும் இல்லை. மண்புழு போட்டுப் பார்த்தேன், பாணை உருட்டிப் போட்டுப் பார்த்தேன். மிதப்பு தண்ணீரில் ஒட்டி வைத்ததுபோல நின்றது. நடுவில் இரண்டு பேர் சின்ன வள்ளமொன்றில் இருந்து வலை இழுத்தார்கள். திலாப்பியா வெள்ளை வெள்ளையாகத் துள்ளுவது எங்கள் கரைக்கே தெரிந்தது. எனக்குப் பொறாமை வந்தது என்றே சொல்ல வேண்டும். நாவுலயில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற றிஸ்வான் எனக்குக் கன நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், "சேர், கரையில இருந்து எறிஞ்சா ஒண்ணும் வராது. ஒரு சின்ன வள்ளம் வாங்குங்க" என்று. வில்கமுவவில் ஒருவர் பைபர் வள்ளமொன்றை விற்கப்போகிறாராம், ட்ரெக்டர் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தரலாமாம். எனக்கும் ஆசைதான். இந்த வயதில் எனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். அம்மா ஏசவில்லை. அதில் எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டா. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம், நெருக்கி இருந்தால் மூன்று பேர் என்றேன். அதற்கு மேலே ஒரு ஆள் ஏறினால் என்று கேட்டா. தாழும் என்றேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பிளாஸ்கை மூடி வைத்துவிட்டு, "அண்டைக்கு அவனும் அப்பிடித்தான் சொன்னவன்" என்றா.

யார் என்று கேட்டேன். பிறகு அம்மா நிறுத்தவில்லை, பிள்ளை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனா.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். எனக்குத்தான் இவ்வளவு காலமும் தெரியாது. நான் மாத்தளையில் கந்தோர் வேலையோடு இருந்தேன், அம்மா கிளிநொச்சியில் படிப்பித்துக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் வைத்திருந்தா, சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். கடைசியில் அம்மாவும் நீயும் மட்டும் வந்து சேர்ந்தீர்கள். சனத்துக்குள்ளே அண்ணாவின் கை விட்டுப்போனது என்று அம்மா சொன்னா. நான் அதை நம்பி அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு எந்தெந்த வாசலிலோ நின்றேன். எங்கே தவறினான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சனத்துக்குள்ளே என்றுதான் சொன்னேன்.

கடலோரக் களப்புக் கரையில், விடிகிற நேரம், ஒரு வள்ளத்தில் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடமென்று வள்ளக்காரன் சொன்னானாம். மேலே ஏறினால் தாழும் என்றானாம். உங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டுத் தான் நிற்கிறேன் என்று அம்மா சொல்ல, சுஜிதன் கேட்காமல் அம்மாவைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டு, உன்னையும் உள்ளே விட்டானாம். பிறகு நெஞ்சளவு தண்ணீர் வரைக்கும் நடந்து வள்ளத்தைத் தள்ளிவிட்டானாம். "அடுத்த முறைக்கு வாறன் அம்மா. தங்கச்சியைக் குனிஞ்சு இருக்கச் சொல்லுங்கோ" என்றானாம்.

அடுத்த முறை என்று ஒன்று இருக்கவில்லை. மறு கரைக்கு வந்ததும் வள்ளக்காரன் மரக்கோலைப் போட்டுவிட்டுத் தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போய்விட்டான். வள்ளம் சும்மா கிடந்ததாம். தான் கோலை எடுத்துப் பார்த்ததாகவும், எப்படி ஊன்றுவதென்று தெரியாமல் நின்றதாகவும், அதற்குள் ஆமிக்காரர் எல்லோரையும் பஸ்ஸுக்கு நடக்கச் சொல்லிவிட்டார்கள் என்றும் அம்மா சொன்னா. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் சுஜிதன் அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்றானாம்.

போவதென்னவில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் ஒரு பட்ட மரம் நிற்கிறது. அம்மா கையை நீட்டி அதைக் காட்டினா. "உதிலதான் நிக்கிறான். நான் ஒவ்வொரு ஞாயிறும் வாறது உங்களுக்குத் துணைக்கில்லை" என்றா.

அது மரம்தான். எத்தனையோ நாள் அதில் என் தூண்டில் நூல் சிக்கியிருக்கிறது. ஆனால் நேற்று வெயில் சாயும் மட்டும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி வர எனக்கு மனம் வரவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போகிறோம் என்று இருந்தது.

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. நீயும் அவவைக் கேட்க வேண்டாம். நீ ஏன் சொல்லவில்லை என்று உன்னையும் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அகதி முகாமில் ஒருநாள் நீ அம்மாவிடம் கேட்டாயாம், "நான் உங்கட மடியில இருந்திருந்தா அண்ணாவுக்கு இடம் இருந்திருக்குமோ" என்று. அம்மாவுக்கு வாய் வரவில்லையாம். நீயும் அதன் பிறகு கேட்கவில்லை. அதை நேற்று என்னிடம் சொல்லித்தான் அம்மா அழுதா. மற்றது முழுவதையும் அழாமல் சொன்னவ.

பிள்ளை, நீ அம்மாவின் மடியில்தான் இருந்தாய். கரையேறும் வரைக்கும் மடியில்தான் இருந்தாய். நீ திரும்பிப் பார்க்கக் கூடாதென்று உன் முகத்தைத் தன் நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டே வந்தாவாம். நீ மெலிந்துபோய் இருந்தாயாம், உன் எலும்பு குத்திய நோ தொடையில் எத்தனையோ நாள் இருந்ததாம். உனக்கு அது நினைவில் இல்லை, அவ்வளவுதான். அந்த வள்ளத்தில் உனக்கென்று தனியிடம் இருக்கவே இல்லை. நீ யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஓட்டோவில் அம்மா, "வள்ளத்தை வாங்குங்கோ" என்றா. அந்த மரத்தடி வரைக்கும் ஒருக்கால் போக வேணுமாம், அன்றைக்குத் திரும்பிப் போக முடியாமல் போய்விட்டதாம். நான் சரியென்று சொல்லிவிட்டேன். றிஸ்வானும் கூட வருவான், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் வாங்குவேன், நீ அதைப்பற்றி யோசிக்காதே. எனக்குள்ள பயம் தண்ணீரில் இல்லை. கிட்டப் போய்க் கையால் தொட்டுப் பார்த்தால் அது மரமாகத்தான் இருக்கும். அதன் பிறகு அம்மா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு போன் எடு. இதைக் கதைக்க வேண்டும் என்றில்லை, கறி என்ன வைத்தீர்கள் என்று கேட்டாலும் போதும்.

இன்னொன்று. சின்னவனின் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழக்கக் கூப்பிட்டும் அவனை விடவில்லை என்று நீ சொன்னபோது, தண்ணீர் என்ன கடிக்குமா என்று உன்னைப் பகிடி பண்ணினேன். அதை மனதில் வைத்திராதே. உனக்கு முடிந்தால், உன் மனம் ஒரு நாள் இடம் கொடுத்தால், அவனை விடு பிள்ளை. நீ பார்க்கப் போக வேண்டாம், மருமகன் கூட்டிக்கொண்டு போகட்டும். அவன் நீந்தப் பழகட்டும்.

அம்மன் உங்கள் மூன்று பேரையும் கரையில் வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா
ஆறுமுகநாதன்