டேங்க் எங்கே என்று கேட்டவனுக்கு

என் மேசை மேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் கிடக்கிறது. ஏதோ துணிக்கடைக் கவர். கூடவே ஒரு ரப்பர் பேண்ட். பெட்ரோலும் ஆயிலும் கலந்த நாற்றம் நான்கு நாளாகியும் போகவில்லை. குப்பையில் போட இரண்டு முறை கையில் எடுத்தேன், போடவில்லை. அந்த நாற்றம் மூக்கில் ஏறும்போதெல்லாம் உன் முகம்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன் மச்சான். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரகடம் ரோட்டில் நம் பட்டறை அப்படியேதான் இருக்கிறது. எதிர்க் கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கமும் ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். ஷிப்ட் பஸ் வந்து நின்றால் நம் கடை ரோட்டுக்கே தெரிவதில்லை. பலகையில் இரண்டு பெயரும் உண்டு. உன் பெயர் முதலில்.

கடலே இல்லாத ஊரில் படகு மோட்டார் ரிப்பேரா என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அந்தப் பெருமழையில் ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்தபோது, மீட்புக்கு வந்த மீனவர்களின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. போர்வெல் பம்ப் பார்த்துக்கொண்டிருந்த நாம் இருவரும் இரண்டு நாள் நின்று அவற்றை ஓட வைத்தோம். கார்புரேட்டரைப் பிரித்தவன் நான். அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தவன் நீ. கோவளம் பக்கத்தில் அவர்கள் குப்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது உன் பெயர் மட்டும்.

நீ ஐ.டி.ஐ. படித்தவன். சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாய். நான் யாரிடமும் படிக்கவில்லை. கெட்டுப்போன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து, கையில் வெட்டு வாங்கிக் கற்றேன். யாராவது மோட்டாரோடு வந்து இறங்கினால் நான் ஸ்பேனரை எடுப்பேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டேங்கு எங்கப்பா? டியூப் எங்க? என்ஜினை மட்டும் தூக்கினு வந்தா, பாதி பேஷண்ட வூட்ல வுட்டுட்டு வந்த மாதிரி" என்பாய். அவர்கள் சிரிப்பார்கள். ஆளை மயக்கும் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் சாவுக்குக் குப்பத்திலிருந்து இரண்டு வேன் வந்தது. அழுதார்கள். எனக்கு யார் வருவார்கள் என்று நான் அங்கேயே யோசித்துப் பார்த்தேன். ஒரு வேன்கூட நிறையவில்லை.

அதன் பிறகும் குப்பத்திலிருந்து மோட்டாரோடு தொடர்ந்து வந்தவன் அந்தோணி ஒருவன்தான். அவனும் உனக்காக வந்து பழகியவன். உன்னை "அண்ணாத்தே" என்பான். என்னைப் "பெருசு" என்பான். உன்னைவிட நான் ஆறு மாதம் சின்னவன்.

போன மாதம் மோட்டாரைக் கொண்டுவந்தான். கிளம்பும்போது நன்றாக இருக்கிறதாம், பத்து நிமிடத்தில் பவர் இறங்குகிறதாம். பிளக் மாற்றினேன், கார்புரேட்டர் கழுவினேன், நம் தண்ணீர் டிரம்மில் மாட்டி, கடை டேங்கிலிருந்து பெட்ரோல் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டினேன். சிங்கம் போல ஓடியது. பத்து நாளில் திரும்பி வந்தான். பில்டர் மாற்றினேன், பெட்ரோல் பம்பைப் பிரித்தேன். டிரம்மில் மறுபடியும் சிங்கம்.

நான்கு நாள் முன்னால் மூன்றாம் முறை வந்தான்.

"இன்னா பெருசு, உன் டிரம்முல ஓடுது, என் கடல்ல ஓட மாட்டேங்குது. டிரம்முலயா மீன் புடிக்கிறது?"

"உனக்கு ஓட்டத் தெரியலடா."

"எங்கப்பன் காலத்துலருந்து ஓட்டுறேன். தபாரு, இதான் கடைசி. இந்தத் தபாவும் நின்னுச்சுன்னா டவுன்ல கம்பெனி சர்வீசுக்குப் போய்டுவேன். குப்பத்துல மத்தவங்கல்லாம் இப்ப அங்கதான் போய்கினு கீறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணாத்த இருந்தா மொத நாளே டேங்க கேட்டிருப்பாரு. அதான் நானே கொண்டாந்தேன், வேன்ல கீது" என்றான்.

"டேங்க் வேன்லயே இருக்கட்டும்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போனான். அவன் ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு, என் கடையில் நானே திருடனைப் போல, அந்த டேங்கை வேனிலிருந்து இறக்கி மாட்டினேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடம் மோட்டார் மூச்சு வாங்கியது. குனிந்து டியூபில் இருக்கும், அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுகிற ரப்பர் பல்பைத் தொட்டேன். சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது. டேங்க் மூடியைப் பார்த்தால் மஞ்சள் கவரை இறுக்கிக் கட்டி, மேலே ரப்பர் பேண்ட். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று கட்டியிருக்கிறான். மூடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைபட்டால் பெட்ரோல் எப்படி வரும்? கவரைப் பிய்த்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மோட்டார் எழுந்தது.

நிமிர்ந்தால் அந்தோணி வாசலில் நிற்கிறான். சத்தம் இறங்கி ஏறியது டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது.

"நீயே கண்டுபுடிச்சியா பெருசு?"

"பின்னே? இனிமே மூடிக்குக் கவர் கட்டாதே" என்றேன்.

நீ பேச்சு கொடுத்து ஆள் பிடிக்கவில்லை. அந்தக் கேள்வியே பாதி ரிப்பேர். ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். நீ சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று குப்பத்திலிருந்து புதிதாக ஒருவன் போன் செய்தான். மோட்டாரில் பவர் இல்லையாம். "டேங்கையும் டியூபையும் சேத்து எடுத்துகினு வா" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"ஆமா, அந்தோணி சொன்னான். அந்தக் கடைப் பெருசு வந்தவொடனே டேங்கதான் கேப்பாருன்னு" என்றான் அவன்.

அது நான் கேட்டதல்ல, நீ கேட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனியும் வராது. பலகையில் உன் பெயர் முதலிலேயே இருக்கட்டும். என் வேலைக்கெல்லாம் நீ பெயர் வாங்கினாய். உன் கேள்வி ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.