மூன்றாவது மைக்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், கல்லூரிக்குப் போகிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை. உப்பு வேண்டுமானால்கூட என்னிடம் கேட்காமல் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போகிறாள். உன் அக்கா நலமா? சகலை இன்னமும் டிவி முன்னால்தான் சாப்பிடுகிறாரா?

உன் கம்பெனி சூப்பர்வைசர் வந்திருந்தார். லீவு முடியப்போகிறது, காலர் தைக்க ஆள் இல்லை என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். வாய் கூசாமல்தான் சொன்னேன். அவர் போன பிறகுதான், நீ வருவதாக என்னிடம் சொல்லவே இல்லையே என்று நினைவு வந்தது.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது. குளறிக் கொட்டிவிட்டு, கடைசியில் கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசி வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதை அக்காவிடம் காட்டாதே. காட்டித்தான் தீருவேன் என்றால், காட்டிக்கொள். எனக்கு இனி என்ன மானம் வேண்டியிருக்கிறது?

பஸ் ஏறுமுன் நீ என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். ஆலயத்தில் நீ பாடும்போதெல்லாம் உன் மைக்கை நான் அணைத்து வைத்திருந்தது யார் யாருக்குத் தெரியும் என்று. எனக்கும் பாட்டு டீச்சருக்கும் மட்டும்தான் என்றேன். அது பொய். பாட்டுக் குழுவில் அத்தனை பேருக்கும் தெரியும். போதகருக்குத் தெரியும். நம் மகளுக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மகளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நானே சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். அப்பா சொல்லுவார் என்று நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

நீ பாட்டுக் குழுவில் சேர்ந்த அன்றைக்குப் போதகர் செய்த பிரசங்கம் உனக்கு மனப்பாடமாகவே தெரியும். அவரவர்க்கு ஆண்டவர் கொடுத்த வரம் எது, அவரவர் மனதுக்குள் இருக்கும் ஆசை எது என்று பார்த்து, அதை வைத்து ஊழியம் செய்யுங்கள் என்றார். வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தால் பரலோகம் கிடைப்பது பெஞ்சுக்குத்தான், உங்களுக்கு இல்லை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நேரே எழுந்து போய்ப் பாட்டு டீச்சர் முன்னால் நின்றாய்.

குழுவுக்கு அங்கி தைத்துக் கொடு, உன் வரம் உன் கையில்தான் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார்கள். நான் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "தைக்கிறது என் பிழைப்புங்க டீச்சர். நாள் பூரா காலர்தான் தைக்கிறேன். ஆண்டவர் வீட்டுலயும் அதேதானா? எனக்குப் பாடணும்னு ஆசை" என்று நீ சொன்னாய். எனக்குக் காது சுட்டது. போதகர் ஆசையைச் சொல்லச் சொன்னார், நீ சொன்னாய். அதில் கூச்சப்பட எனக்கு என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். பாட வந்தவள் அங்கிகளையும் தைத்துக் கொடுத்தாய். அதை எல்லாரும் மகிழ்ச்சியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

ஒன்றை நான் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நீ சுருதி சேராமல்தான் பாடினாய். பாட்டு ஒரு பக்கம் போனது, நீ ஒரு பக்கம் போனாய். இதை மென்று விழுங்கிவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் நான் திருந்தவே இல்லை என்று அர்த்தம். முதல் ஞாயிறு முன்வரிசையில் சிலர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் டீச்சர் நான் உட்காரும் இடத்துக்கு வந்து, "நீங்களே உங்க பக்கத்துல கொஞ்சம் பார்த்துக்கோங்களேன். அவங்க மனசு நோகக் கூடாது பாருங்க" என்றார்கள்.

உன் மனது நோகக் கூடாது என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். வெளியில் சொல்ல அது நன்றாக இருந்தது. உண்மை என்னவென்றால், நீ வாயைத் திறந்தாலே நான் கூனிக்குறுகிப் போனேன். சவுண்ட் பார்க்கிறவன் பெண்டாட்டியா இது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கடையில் ரேடியோவும் மிக்சியும் பழுது பார்க்கிறவனை, ஆலயத்தில் அந்தச் சவுண்ட் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் நாலு பேர் மதிக்கிறார்கள். அந்த மதிப்புக்கு உன்னால் குறைச்சல் வரக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக உன்னுடைய மூன்றாவது மைக்கின் பொத்தானைக் கீழே இறக்கினேன். பிறகு ஒரு ஞாயிறுகூட அதை ஏற்றவில்லை.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. உனக்கு நினைவிருக்கும், ஆனால் அது என்னவென்று உனக்குத் தெரியாது. பாடுகிறவர்களின் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், அவரவர் குரல் அவரவர்க்குக் கேட்பதற்காக வைத்தது. மைக்கை நான் அடைத்தபோது அதிலும் உன் குரல் நின்றுவிட்டது. அதற்கு மட்டும் குரலைத் திருப்பிவிடத் தனியாக ஒரு குமிழ் இருக்கிறது. திருப்பினால் முன்வரிசைக்குக் கேட்டுவிடுமோ என்று நான் அதைத் தொடவே இல்லை. நீ ஒருநாள் ஒத்திகையில் என்னைப் பார்த்து, "என்னங்க, என் குரல் எனக்கே கேக்கலைங்க, கொஞ்சம் கூட்டி வைங்களேன்" என்றாய். நான் தலையை ஆட்டிவிட்டு ஏதோ ஒரு குமிழைத் திருகுவது போல நடித்தேன். நீ உடனே, இப்போது நன்றாகக் கேட்கிறது என்று கையைக் காட்டினாய். கேட்டிருக்க வழியே இல்லை. நான் செய்தேன் என்பதற்காகவே உனக்குக் கேட்டுவிட்டது.

அக்காவுக்கு அனுப்ப வேண்டும், பாட்டைப் பதிவு செய்து கொடுங்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். மெஷினிலிருந்து எடுக்கும் பதிவில், மைக் அடைபட்டவர் குரல் மருந்துக்கும் இருக்காது. கடைசியில் குழுவில் யாரோ உனக்கு அனுப்பிவிட்டார்கள். சமையலறை வாசலில் நின்று, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முழுப்பாட்டையும் கேட்டாய். மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாய். நீ உன்னைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. வாணலியில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, எழுந்து அடுப்பை மட்டும் அணைத்தேன். நீ அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மறுநாள் உன் அங்கியைத் துவைத்து, தேய்த்து, மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு, அக்கா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

போன ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். போகும் வழியில் மகளிடம் சொன்னேன். நீ போனதிலிருந்து அவள் என்னிடம் வாய் திறந்து பேசியது அப்போதுதான். "உங்க பாரத்தை இறக்கி வைக்க அம்மா மானம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளையிடம் மூக்கறுபட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். சாட்சி நேரத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு போதகரிடமும் டீச்சரிடமும் மட்டும் பேசினேன். அந்தச் சின்ன ஸ்பீக்கர் விஷயம் டீச்சருக்குத் தெரியாது. வெளியில் மட்டும்தான் அடைத்திருந்தேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அப்போ தன் குரலே கேக்காமயா அவங்க இத்தனை நாள் பாடினாங்க? நான் பாடினாலும் அப்படித்தானே போகும்" என்றார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தானே வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார்கள். உனக்குப் போன் செய்ய முகமில்லை என்றும் சொல்லச் சொன்னார்கள். போதகர், "ஆசை இருக்கிறவங்க வாங்கன்னு கூப்பிட்டது நான். வந்தவங்களுக்குக் கத்துக்கொடுக்கணும்னு எனக்குத் தோணலையே" என்றார்.

அவர்கள் போனதும், ஆளில்லாத ஆலயத்தில் உன் இடத்தில் போய் நின்றேன். வாத்தியப் பதிவை ஓடவிட்டு, மைக்கை அடைத்து வைத்து ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தானாகவே கத்தத் தொடங்கினேன். கத்தக் கத்த எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. பாதியில் தொண்டை வலித்து நிறுத்திவிட்டேன். நீ ஒரு ஞாயிறுகூட நிறுத்தவில்லை. சிரித்த முகத்தோடு கடைசி வரி வரை நின்றாய்.

திரும்ப வந்து பாடு என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல நான் யார்? டீச்சரிடம் கற்றுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். பாடமாட்டேன் என்று ஒரு முடிவு வந்தால் அது உன் வாயிலிருந்து வரட்டும். என் விரலால் வந்ததாக இருக்க வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மெஷினை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். எந்த மைக்கையும் கேட்காமல் அடைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இனி நான் உட்காருவது பெஞ்சில்தான்.

வீட்டுக்கு வருவதானால் வரும் பஸ்ஸை மகளிடமாவது சொல். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நிலையத்துக்கு அவளை மட்டும் அனுப்புகிறேன். கர்த்தர் உன்னைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாராக. என்றைக்காவது நீ மறுபடி அங்கே நின்று பாடினால், முன்வரிசையில் யாராவது திரும்பிப் பார்க்கலாம். பார்க்கட்டும். யார் பெண்டாட்டி இது என்று கேட்டால், என் பெண்டாட்டி என்று சொல்ல நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்
உன் வீட்டுக்காரன்