பழுப்பு நிறம் சொன்னதும் நீ கேட்டதும்

அம்மா,

இன்று காலை நுண்ணோக்கியில் மறுபடியும் அந்தப் பழுப்பு நிறம். யாரோ ஒரு பெண்மணியின் வாய்ப்புற்றிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு. பார்த்ததுமே உன் சுருக்குப் பையின் புகையிலை நெடி என் மூக்கில் அடித்தது. எங்கள் ஆய்வகத்தில் அந்த வாசனைக்கு வழியே இல்லை.

பீளமேட்டு மில்லில் நீ நூல் சுற்றும் பிரிவில் இருந்தாய். பஞ்சுத் தூசி தொண்டைக்குள் இறங்காமலிருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வது உங்கள் எல்லோருக்கும் பழக்கம். தீப்பிடிக்கும் என்று பீடிக்குத்தான் அங்கே தடை. "இதுல பொகையா வருது, கெடுதல் பண்றதுக்கு?" என்று என்னையே மடக்குவாய்.

தொண்ணூறுகளின் நடுவில் உன் கன்னத்துக்குள் வந்த புண் ஆறாமல் நின்றது; வாய்ப்புற்று என்றார்கள். அப்போது நான் இந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலையில் சேர்ந்த புதிது. பி53 என்ற புரதத்தை வைத்து எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். கட்டியின் செல்களில் அது குவிந்திருந்தால், சாயம் போடும்போது பழுப்பாகத் தெரியும். அப்படித் தெரிகிறவர்கள் அதிக நாள் தாங்குவதில்லையோ என்பது அவருடைய கேள்வி. உன் புண்ணிலிருந்து எடுத்த துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நானே சாயம் போட்டேன். பழுப்பு அப்பிக் கிடந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"இது பல பேர வெச்சுப் பாக்கற கணக்கும்மா. உங்கம்மாவுக்கு இதுதான்னு சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்" என்றார் டாக்டர். உன் தம்பி, அன்னூர் மாமா, நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். "பொழைக்கறது கஷ்டம்னு தெரிஞ்சப்பறம் எதுக்குக் கண்ணு அக்காளோட மூஞ்சியக் கிழிக்கோணும்? ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயர்லாம்."

வார்டு வராந்தாவில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நீ கட்டிலிலிருந்து இறங்கி வந்து நின்றாய்.

"ஏண்டா, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? வாய் என்னோட வாய். அந்தக் கலரு என்னத்தையோ சொல்லிப்போட்டுப் போகுது. நான் வாழோணும். டாக்டரக் கத்திய எடுக்கச் சொல்லு."

ஆபரேஷன் முடிந்து பாதித் தாடையோடு வீடு வந்தாய். ரசம் ஒழுக ஒழுகக் குடித்தாய். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளச் சொன்ன மாமாவை முறைத்தாய். ஷிஃப்ட் விடும் நேரத்தில் மில் கேட்டில் போய் நின்று, கூட வேலை பார்த்தவர்களின் கன்னத்தைத் தட்டித் "துப்புடி" என்பாய். சொல் குழறும். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. சிலர் துப்பினார்கள்.

பிறகு கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. நீ போன அன்று, "அந்தக் கலரு சொன்னது செரியாப் போச்சு பாத்தயா" என்றார் மாமா. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என்ன சரியாகப் போயிற்று? நீ கேட்டில் நின்ற சாயங்காலங்கள் எந்தக் கண்ணாடித் தகட்டில் தெரிந்தன?

சாயத்தோடு எனக்குச் சண்டையில்லை, அம்மா. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைச் சாக்காக வைத்து உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

இன்று மத்தியானம் அந்தப் பெண்மணியின் மகன் ரிப்போர்ட் வாங்க வந்தான். டாக்டர் முன்பே எல்லாம் சொல்லியிருக்கிறார் போல. "ஏனுங்க, இதுக்கு மேல பிரயோஜனமில்லீன்னா அம்மாவ ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயரட்டுங்களா?"

"அம்மாளக் கேட்டீங்களா?"

வார்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் கையை நீட்டினான்.

"போயி அவங்களக் கேட்டுப்போட்டு வாங்க" என்றேன். அவன் வார்டுப் பக்கம் திரும்பி நடக்கும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை.