மூன்றாவது சாட்சி

ஈஜிபுரா
28 ஏப்ரல் 2025

அன்புள்ள டோரீனுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. நேற்று ஜீவனஹள்ளிக்கே வந்தேன். உன் அம்மா பாதிக் கதவைத் திறந்து, "அவ இல்லம்மா" என்றார். உள்ளே உன் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தத் தபால்.

வியாழக்கிழமை உனக்கும் ரவிக்கும் பதிவுத் திருமணம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாதுடி. செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய பதினொரு நிமிடக் குரல் செய்தியில் சொல்லியிருந்தாய் என்று நம் தோழி சுப்ரியா சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் கேக், உன் அக்காவின் புடவை என்று போய்க்கொண்டிருந்தது. பாதியிலேயே, சரி என்று கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. கால் சென்டரில் ஒரு நாளைக்கு நாற்பது போன் உரையாடல் பதிவுகள். ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் குறுக்கே பேசினானா, பொறுமையாகக் கேட்டானா என்று மார்க் போட வேண்டும். வேகமாக ஓடவிடாமல் முடியாது. அதே பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. வியாழனன்று நீ அழைத்த பதினேழு முறையும் என் போன் ஆபீஸ் லாக்கரில் இருந்தது. ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, மன்னித்துவிடு.

ரவி வேலூருக்குப் போய்விட்டதாக சுப்ரியா சொன்னாள். நீ கவலைப்படாதே. நான் ஒரே ஒரு போன் போட்டு அவனை வழிக்குக் கொண்டுவருகிறேன்.

உன்
கிருத்திகா


ஜீவனஹள்ளி
4 மே 2025

கிருத்திகா,

உன் கடிதத்தில் உன் வேலை இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, லாக்கர் இருக்கிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்கவில்லை. உன் ஏஜென்ட் இப்படி எழுதினால் எத்தனை மார்க் போடுவாய்?

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பத்து மணிக்கு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் இருந்தோம். மூன்று சாட்சி வேண்டும். சுப்ரியாவும் கண்ணாவும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ரவி, "வெளியே நிக்கிறவங்க யாரையாவது கூப்பிடலாமா?" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். கிருத்திகா வருவாள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். ஒரு மணிக்கு கிளார்க் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கன்னடத்தில் "நாளே பன்னி" என்று எழுந்துவிட்டார். நாளைக்கு வரச் சொல்கிறார். ரவியின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். சாயந்திரம், "அம்மாகிட்ட சொல்லிட்டே பண்ணிக்கலாம்" என்று பஸ் ஏறிவிட்டான்.

எனக்குக் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது. ரவி தன் அம்மாவிடம் என்னைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறான். கல்யாணத்துக்கு ரெஜிஸ்ட்ராரிடம் நோட்டீஸ் கொடுத்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த நோட்டீஸ் ஜூன் பதினெட்டு வரை செல்லும். அதற்குள் வருவேன் என்கிறான். நீ ஒன்றும் செய்யாதே. அவனுக்குப் போன் செய்யாதே.

நீ ஏஜென்ட்களுக்குச் சொல்லிக்கொடுப்பாயே, எதிராளி சொன்னதை முதலில் திருப்பிச் சொல் என்று. நான் சொன்னதை நீ எழுது. அப்புறம் பார்க்கலாம்.

டோரீன்


ஈஜிபுரா
10 மே 2025

அன்புள்ள டோரீனுக்கு,

நீ சொன்னது இது. நான் வருவேன் என்று நம்பி, வேறு சாட்சி வேண்டாம் என்றாய். ரவியின் முகத்தில் நிம்மதியைப் பார்த்தாய். உனக்குக் கோபம் இல்லை, பயம். ரவி தன் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறான். நோட்டீஸைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. நான் ஒன்றும் செய்யக்கூடாது. ரவிக்குப் போன் செய்யக்கூடாது.

ஒரு வரி விடாமல் எழுதிவிட்டேனா?

எழுதி முடித்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை டோரி. நீ பயப்படுகிறாய், அதற்குக் காரணம் நான், என் கையில் போன் இருக்கிறது. போட்டுவிட்டேன். அவன் அம்மா எடுத்தார். நல்லவராகத்தான் பேசினார். "யாரும்மா?" என்றதும், நோட்டீஸ், தேதி, மூன்றாவது சாட்சி எல்லாவற்றையும் நானே சொல்லி, என் மேல்தான் தப்பு, அவர்களைச் சேர்த்துவையுங்கள் என்று அழுதேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா? உடனே எழுது.

கிருத்திகா


ஜீவனஹள்ளி
17 மே 2025

கிருத்திகா,

ரவி பேசினான். இரண்டு வாரமாக அவன் கெஞ்சி எடுத்த சம்மதம், "என் முதுகுக்குப் பின்னாடி நோட்டீஸே குடுத்துட்டியாடா" என்று அவன் அம்மா கேட்ட ஒரே கேள்வியில் போய்விட்டது. அவர் சாப்பிடவில்லையாம். அம்மாவை விட்டு வர முடியாது என்கிறான்.

நான் சொன்னதை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அடுத்த பத்தி வரைக்கும்.

நான் மைசூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். முகவரி தேடாதே, எழுதாதே.

டோரீன்


ஈஜிபுரா
18 ஜூன் 2025

அன்புள்ள டோரீனுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். உன் அக்கா முகவரியை சுப்ரியாவிடம் கேட்கவில்லை. ரவியிடம் பேசவில்லை. இதையும் ஜீவனஹள்ளி வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன். உன்னிடம் சேராமலே போகலாம்.

அந்தச் செய்தியைச் சாதாரண வேகத்தில் கேட்டேன். பதினொரு நிமிடமும். நீ இவ்வளவு மெதுவாகப் பேசுவாய் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஏழாவது நிமிடத்தில் தையல் மிஷினை நிறுத்துகிறாய். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வேகமாகக் கேட்டபோது அது ஒரு விக்கல் போலத்தான் ஓடியிருக்கும். பிறகு சொல்கிறாய்: "வியாழக்கிழமை பத்து மணிக்கு, கிருத்தி. ஆதார் எடுத்துட்டு வா. ரவி பயப்படறான். எனக்கும் பயம்தான். நீ பக்கத்துல நின்னா போதும், ஒண்ணும் பேசவேணாம்."

ஒன்றும் பேசவேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கிறாய்.

இன்று லீவு போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போனேன். ஆதார் எடுத்துப் போனேன். போன் நாள் முழுக்கக் கையிலேயே இருந்தது. நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துப் போகவில்லை. வந்தால் மூன்றாவது ஆள் இல்லாமல் போகக்கூடாது, அவ்வளவுதான். நான்கு ஜோடிகள் வந்து மாலை மாற்றிக்கொண்டு போனார்கள்.

ஐந்தரைக்கு கிளார்க் ஜன்னலைச் சாத்த வந்தார். "காலையிலேர்ந்து குந்திகினு கீறியே, இன்னா விசயம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். சாட்சிக்கு வந்தேன் என்றேன். "யார் கல்யாணத்துக்கு?" என்றார்.

உங்கள் இரண்டு பேரின் பெயரையும் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்துவிட்டு, நோட்டீஸ் இன்றோடு முடிந்துவிட்டது என்றார். விளக்கை அணைக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

கிருத்திகா