விஜிக்கு முன்பு பூசணிக்காய் ஏறிய சைக்கிள்

கஜா பெராங், மலாக்கா
12-10-1958

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை விஜியும் கோத்தா பாருவில் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் தினமும் காலையில் கதவைத் திறக்கிறோம். இங்கே அம்மா சுகம், நானும் சுகம், இடது முழங்கையில் மட்டும் கொஞ்சம் தோல் போயிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ முதல் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள், சைக்கிள் கேரியரில் தலையணையைக் கட்டி உன்னை உட்கார வைத்துக் கூட்டிப் போகையில், "அப்பா, உங்க முதுகைத் தவிர மலாக்காவில வேற ஒண்ணுமே இல்லியா" என்று கேட்டாய். நான் ஒன்றும் இல்லை, பேசாமல் உட்கார் என்றேன். நீ நம்பாமல் எட்டிப் பார்த்தாய், உன் கால் சக்கரக் கம்பிக்குள் போய்க் குதிகால் கிழிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அப்போது தலையணை மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர உன் கால் எங்கே தொங்குகிறது என்று பார்க்கவில்லை, கணக்கை முழுவதும் சரியாகப் போட்டுவிட்டுக் கேள்வியைப் படிக்காமல் விட்ட பையன் மாதிரி. ஆகையால் நீ போன கடிதத்தில், "ஜனவரியில் தாதிப் பயிற்சிக்காக ஆறு மாதம் கோலாலம்பூர் போகிறேன், விஜியை உங்களிடம் விடுகிறேன், தெங்கேரா பாலர் பள்ளிக்கு மூன்று சக்கரப் பெச்சாவில் அனுப்புங்கள், சைக்கிளில் மட்டும் ஏற்ற வேண்டாம், என் குதிகாலைக் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பெச்சாக்காரர் குழந்தையைக் கூட்டிப் போனால் நான் வாசலில் நின்று கையாட்டுகிற ஆளாகிவிடுவேன். எனக்கும் அவளுக்கும் கிடைத்திருப்பது ஆறே மாதம். அதனால்தான் சரியான பிள்ளை நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, சோதித்து, பிறகு உன்னிடம் அனுமதி கேட்பது என்று முடிவு செய்தேன்.

டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று கேரியரில் முடுக்கும் இரும்பு நாற்காலி, மற்றது ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டும் பிரம்பு நாற்காலி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, உட்கார வைத்துப் பார்த்து வாங்கு என்றார். பிள்ளை கோத்தா பாருவில் இருக்கிறது என்றேன். அப்படியானால் இரண்டையும் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டார், நல்ல மனிதர். விஜியின் எடை இருபத்தைந்து காத்தி என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதே எடைக்குச் சந்தையில் ஒரு சாம்பல் பூசணிக்காய் தேடி வாங்கினேன். குழந்தை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டும், காய்க்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை, ஆகவே கரியால் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்தேன். கால் வேண்டும் என்று இரண்டு முருங்கைக்காய்களை நாற்காலியின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டு அவற்றின் நுனியில் சின்னச் செருப்பு மாட்டினேன். நீ சிறு பிள்ளையாக இருக்கும்போது போட்ட மஞ்சள் கவுனை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் சற்று நின்று பார்த்துவிட்டு, நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது, எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

முதலில் இரும்பு நாற்காலி. வீட்டிலிருந்து தெங்கேரா வரை மெதுவாக மிதித்தேன். முனைக் கடை பொன்னுதுரை வெளியே ஓடி வந்து, "என்னா வாத்தியாரே, ரொம்பப் பெரிய கண்ணா, இவ்ளோ பெருசா எடுத்திருக்கீங்க" என்றார். திருஷ்டியும் இல்லை ஒன்றும் இல்லை, பேத்திக்கு நாற்காலி சோதிக்கிறேன், எடை இவ்வளவு, கால் இவ்வளவு என்று கடை வாசலில் நின்று கால் மணி நேரம் விளக்கினேன். நான் நாற்பது பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குப் புரிய வைத்தவன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சரி, வெளிய சொல்லக்கூடாதுதான், நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றார். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக் கமலவேணி கற்பூரத் தட்டோடு வாசலில் நிற்கிறாள். "ஊரு கண்ணெல்லாம் இதுல ஏறிட்டு வருது, எங்க வூட்டையும் மூணு சுத்து சுத்திட்டுப் போங்கண்ணே, பெரியவனுக்குப் பரீட்சை வருது" என்றாள். நான் மாட்டேன் என்றேன். பிறகு யோசித்தேன், வலது பக்கம் வளையும்போது கால் எங்கே போகிறது என்று பார்க்க எனக்கும் எங்கேயாவது வட்டமடிக்கத்தானே வேண்டும். மூன்று முறை சுற்றினேன். நான் சோதனைக்காகச் சுற்றினேன் என்பதை அவளிடம் சொன்னேன், அவள் தட்டை நீட்டித் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு முருங்கைக்காயும் குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கியிருந்தன. இரும்பு நாற்காலி அன்றே தள்ளுபடி.

மறுநாள் பிரம்பு நாற்காலியை முன்னால் மாட்டினேன். அதற்குள் சேதி பரவிவிட்டது. சக்கரத்தில் ஏறி ஊர் சுற்றுகிற பூசணிக்காய்க்கு இழுக்கிற சக்தி அதிகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு வீடு. புது மோரிஸ் கார் வாங்கிய ராஜரத்தினம், காரைச் சுற்றி ஒரு நடை வாருங்கள் சார், பெட்ரோலே குறைவாகக் குடிக்கும் என்றார். எல்லாருக்கும் முதலில் விளக்கம் சொன்னேன், பிறகு சுற்றினேன். இப்படியாக வலது வட்டம் மட்டும் பதினெட்டு என்று சிலேட்டில் கணக்கு இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தால் குழந்தை என் இரண்டு கைக்குள் இருக்கிறாள், சாய்ந்தால் தெரிகிறது. ஆனால் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் வலது கால் முன் சக்கரத்தை உரசுகிறது, அதையும் குறித்துக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை காலையில் புது முருங்கைக்காய் வாங்கப் பொன்னுதுரை கடைக்குள் போனேன், சைக்கிளை வெளியே நிறுத்தியிருந்தேன். நான் நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பூசணிக்காயை அவிழ்த்து எடுத்துப் போய், கவுனைக் கழற்றி மடித்துத் திண்டில் வைத்துவிட்டு, கற்பூரம் ஏற்றி நாற்சந்தியில் ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டார். "கழிச்சத வச்சிக்கிட்டே சுத்தக்கூடாது வாத்தியாரே, புள்ள நல்லபடியா வந்து சேரட்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கவுனை இடுக்கிக்கொண்டு கோபமாக ஏறி மிதித்தேன், பூசணிச் சதையில் முன் சக்கரம் வழுக்கி நாற்சந்தியிலேயே விழுந்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், மறைத்தால் அம்மா எழுதிவிடுவாள். எல்லாரும் என்னைத் தூக்கினார்கள், கண் முழுதாகக் கழிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். பிரம்பு பின்னுகிற சிட்டி வீட்டு ஏகாம்பரம் பிள்ளை மட்டும் குனிந்து நாற்காலியைப் பார்த்தார். சிட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்டவர்கள், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். முருங்கைக்காய் இரண்டும் செருப்போடு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன, வலது காயைத் தொட்டு "காக்கி சுடா பாத்தா" என்றார், கால் ஒடிந்துவிட்டது என்று. மூன்று நாளில் காலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அங்கேயே அவர் தோளில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

நேற்று மாலையே அவர் நம் வீட்டுக்கு வந்து முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பாய் மாதிரி நெருக்கமாகப் பிரம்புத் தடுப்புப் பின்னிக் கட்டிக் கொடுத்தார். விரல் கூட உள்ளே போகாது. விழுந்ததில் நாற்காலி அசையவில்லை, இடுப்பு வார் அறவில்லை. தப்பு என்னுடையதுதான், சீட் உயரமாக இருந்ததால் என் கால் தரையில் ஊன்றவில்லை, இரண்டு விரல் இறக்கிவிட்டேன். மழை நாளில் ஏற்ற மாட்டேன், சந்தைப் பக்கம் போக மாட்டேன், கோபமாக இருக்கும்போது மிதிக்க மாட்டேன். இவ்வளவும் கேட்டுவிட்டு நீ வேண்டாம் என்று எழுதினால் பெச்சாவே வரட்டும், வருத்தப்படுவேன், ஆனால் உன்னிடம் இன்னொரு முறை கேட்க மாட்டேன். குதிகால் உன்னுடையது, குழந்தையும் உன்னுடையது.

ஒன்றுதான் பாக்கி. பாதம் வைக்கும் பலகையை எந்த உயரத்தில் அடிப்பது என்று ஏகாம்பரம் பிள்ளை கேட்கிறார், முருங்கைக்காயை வைத்து அதைச் சொல்ல முடியாது. பயிற்சிக்குப் போகும் வரை உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். விஜியை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை ஒரு நூலைப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, உன் பதில் எதுவானாலும் அந்த நூலையும் உறைக்குள் வைத்து அனுப்பு.

அன்புள்ள அப்பா,
சேதுபதி